குளித்த நாய் ஏன் புழுதிக்கு ஓடுகிறது

"நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது வாலைக் குழைத்துக்கொண்டு தெருவுக்குத்தான் போகும்" என்று ஒரு பழமொழி. எங்கள் வீட்டில் இதைச் சொல்லாமல் ஒரு நாயும் குளித்து முடித்ததில்லை. யாழ்ப்பாணத்து இணுவிலில் எங்கள் வளவு முழுக்கச் செம்பாட்டு மண். எங்கள் நாய் ரைகரைக் கிணற்றடியில் வைத்துத் தேய்த்து, கழுவி, துவாயால் துடைத்துச் சங்கிலியைக் கழற்றினால் போதும், நேரே வாழைப்பாத்திக்குள் பாய்ந்து முதுகை மண்ணில் போட்டு உருளுவான். எழும்பி வரும்போது செங்கல் நிறத்தில் வருவான். பெரியம்மா விறாந்தையில் இருந்தபடி பழமொழியின் முதற்பாதியைச் சொல்லுவார். மிச்சத்தை மற்றவர்கள் முடித்துவைப்பார்கள்.

பழமொழி மனிதரைக் குத்துவதற்காகச் சொல்லப்பட்டது, அது தெரியும். ஆனால் அதைச் சொல்லிச் சொல்லியே நாயின் பக்கக் கதையை ஒருவரும் கேட்காமல் போய்விட்டோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஒரு நாய்க்குத் தன் மணம்தான் தன் அடையாளம். அமெரிக்காவில் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2017 இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார். கண்ணாடியில் தன்னைப் பார்த்துத் தானென்று அறிவதற்கு நாய் பெரிதாக அக்கறை காட்டாது; சரி, மணத்தில் அறியுமா என்பதுதான் கேள்வி. நாயின் சொந்தச் சிறுநீரை ஒரு பாத்திரத்திலும், அதே சிறுநீரோடு வேறொரு மணத்தைக் கலந்து இன்னொரு பாத்திரத்திலும் வைத்தார்கள். கலந்ததைத்தான் நாய்கள் கூடுதல் நேரம் முகர்ந்தன. "இது நான்தான், ஆனால் ஏதோ மாறியிருக்கிறது" என்று அவை கவனித்ததாகத்தான் அதை எடுத்துக்கொள்ள முடிகிறது. இப்போது ரைகரை யோசித்துப் பாருங்கள். உடம்பு முழுக்க எலுமிச்சை மணக்கிற சவுக்காரத்தைப் பூசி, அவனுடைய மணத்தை ஒட்டுமொத்தமாகக் கழுவித் துடைத்துவிட்டோம். அவன் போய்த் தன் வளவின் மண்ணை எடுத்துப் பூசிக்கொள்கிறான். ஈரம் வற்றுவதற்கும் அது உதவுகிறது, கட்டிலிருந்து விடுபட்ட சந்தோசமும் அதில் சேர்ந்துகொள்கிறது. இதில் என்ன கீழ்க்குணம்?

யாழ்ப்பாணத்தில் நாயைத் தொட்டு வளர்க்கிற பழக்கம் பரவலாகப் புதிது. முந்தி நாய்க்கு இடம் படலையடி. சாப்பாடு சோறும் மீன்தலையும், வேலை குலைப்பது. தொட்டால் கை கழுவ வேண்டும். ஊருக்கு ஊர் வைரவர் கோயில் வைத்து, வடைமாலை சாத்தி, அவருடைய வாகனத்தையும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டு வருகிற ஆட்கள்தான் ஒழுங்கையில் படுத்திருக்கிற வாகனத்துக்குக் கல் எறிவார்கள். அது வேறு கதை. இப்போது வீட்டுக்கு வீடு பொமேரேனியன், ஜேர்மன் செப்பேட், லாப்ரடோர் என்று வந்துவிட்டன. நாய்க்கென்றே சம்பூ, சீப்பு, நகவெட்டி எல்லாம் கடைகளில் தொங்குகின்றன. சாமான் வந்த வேகத்தில் அறிவு வரவில்லை. படலையடி நாயைக் கிணற்றடியில் கட்டிவைத்துத் தும்புத்தடியால் தேய்த்த அதே கைதான் இப்போது விலை கூடிய சம்பூவோடு வருகிறது.

நாயின் இடத்தில் நின்று அந்தக் கிணற்றடியைப் பார்க்க வேண்டும்.

முதலாவது தரை. எங்கள் கிணற்றடிச் சீமெந்து வருசக்கணக்காகப் பாசி பிடித்தது. சவுக்காரத் தண்ணீர் பட்டால் மனிதரே வழுக்கி விழுவார்கள். நாய்க்கு நகமும் பாத மெத்தையும்தான் பிடி. நான்கு கால்களும் நான்கு பக்கமாக இழுபடும்போது அது உடம்பை இறுக்கி நடுங்கத் தொடங்கும். "தண்ணியெண்டால் உதுக்குப் பயம்" என்று நாங்கள் முடிவுகட்டிவிடுவோம். ஆனால் அதே ரைகர் மாரியில் வெள்ளம் நிற்கிற தோட்டத்துக்குள் கூப்பிடக் கூப்பிட வராமல் குதித்துக்கொண்டு நிற்பவன். தண்ணீருக்குப் பயமென்றால் அது எப்படி? ஒருநாள் பழைய சணல் சாக்கொன்றை நனைத்துக் கிணற்றடியில் விரித்து அதன்மேல் அவனை நிறுத்தினேன். பாதி நடுக்கம் அங்கேயே நின்றுவிட்டது. ஐந்து சதச் செலவில்லாத வைத்தியம்.

இரண்டாவது ஓஸ் பைப். மத்தியானம் முழுக்க வெயிலில் கிடந்த பைப்புக்குள் இருக்கிற தண்ணீர் முதலில் கொதிக்கக் கொதிக்கத்தான் வரும். அதை நேரே நாயின் முதுகில் பிடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் வருவதை மரத்தடிக்கு விட்டுவிட்டு, கையில் பிடித்துப் பார்த்து, பிறகு நாய்க்கு விட வேண்டும். பக்கத்தில் மோட்டர் வேறு இரைந்துகொண்டிருக்கும். மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹேட்ஸ் வரையான ஒலியைக் கேட்கும். நாயின் காது 45,000 ஹேட்ஸ் அளவு வரை போகும். எங்களுக்கு ஒரே இரைச்சலாகக் கேட்கிற மோட்டருக்குள் அதற்கு இன்னும் என்னென்ன கீச்சிடல்கள் கேட்கின்றனவோ. தொட்டியில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு மோட்டரை நிறுத்திவிட்டால் அந்தக் கரைச்சல் இல்லை. ஒரு வாளியும் ஒரு சிறிய கோப்பையும் போதும்.

மூன்றாவது தலை. மனிதர் குளிப்பது தலையில் வார்த்து. அதையே நாய்க்கும் செய்கிறோம். நாயின் காதுக்குழாய் நேராக உள்ளே போவதில்லை, கீழிறங்கி வளைந்து போகிறது. உள்ளே போன தண்ணீர் இலகுவில் வெளியே வராது. அந்த ஈரத்தில் பூஞ்சணமும் கிருமியும் பெருகும். காது நாறும், நாய் தலையைச் சரித்துக்கொண்டு திரியும். தலைக்கு நனைத்துப் பிழிந்த துணி போதும். கழுத்துக்குக் கீழேதான் தண்ணீர். முதலில் கால், பிறகு வயிற்றுப்பக்கம், முதுகு கடைசி.

சவுக்காரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது யாழ்ப்பாணத்துக்கே உரிய பிரச்சினை. எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லுக்குள் வெட்டப்பட்டவை. கேத்தலின் அடியில் படிகிற வெள்ளையைப் பார்த்தாலே தெரியும், தண்ணீர் எவ்வளவு வன்மை என்று. வன்னீரில் சவுக்காரம் நுரைக்காது. நுரை வரவில்லையே என்று இன்னும் இன்னும் தேய்ப்போம். தேய்த்தது முழுக்கக் கழுவுப்படாது. சுண்ணாம்போடு சேர்ந்து ஒரு படையாக மயிரடியில் ஒட்டிக்கொள்ளும். அதற்குமேல், நாயின் தோல் மனிதத் தோலைவிட மெல்லியது. மனிதரின் மேற்தோலில் 10 முதல் 15 வரையான உயிரணு அடுக்குகள் இருக்கும் என்றால் நாய்க்கு 3 முதல் 5 வரைதான். மனிதத் தோல் சற்று அமிலத்தன்மையானது, நாயின் தோல் நடுநிலைக்குக் கிட்ட. ஆகவே எங்களுக்குச் செய்த சம்பூ அதற்குப் பொருந்தாது, உடுப்புத் தோய்க்கிற சவுக்காரம் அறவே பொருந்தாது. குளித்த அடுத்தநாள் நாய் சொறியத் தொடங்கினால், "இன்னும் ஊத்தை போகேல்லை" என்று மறுபடியும் குளிப்பாட்டுகிற வீடுகள் உண்டு. சொறிவதே அந்தக் குளிப்பாட்டலால்தான் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். ரைகரைப்போலக் கட்டை மயிர் உள்ள ஊர் நாய்க்கு மாதத்தில் ஒரு முழுக்கே அதிகம். சம்பூவைத் தண்ணீரில் கரைத்துப் பாவித்தால் கழுவுவதும் இலகு.

இவ்வளவும் நடக்கும்போது நாய் சும்மா நிற்பதில்லை. அது கதைத்துக்கொண்டே இருக்கிறது. நோர்வே நாட்டுப் பயிற்சியாளர் துரிட் ருகாஸ் நாய்களின் சின்னச் சின்ன உடல்மொழிகளைப் பட்டியலிட்டு, அவை பதற்றத்தைத் தணிக்க நாய் காட்டும் சைகைகள் என்று விளக்கினார். நித்திரை வராத நேரத்தில் கொட்டாவி விடுவது. சாப்பாடு இல்லாதபோது நாக்கால் மூக்கை நக்குவது. முகத்தை மறுபக்கம் திருப்புவது. ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி நிற்பது. இதைத் தெரிந்துகொண்டு ரைகர் குளிக்கும் பழைய காணொளி ஒன்றைத் தொலைபேசியில் பார்த்தேன். முதல் வாளி வார்க்க முதலே மூக்கை நக்குகிறான், திரும்பத் திரும்பக் கொட்டாவி விடுகிறான், கண்ணின் வெள்ளை ஓரமாகத் தெரிகிறது. பின்னால் பெரியம்மாவின் குரல்: "பாருங்கோ, சொகுசிலை கொட்டாவி விடுறார் துரை!"

இந்தச் சைகைகளை ஒருவரும் கவனிக்காவிட்டால் அடுத்தது உறுமல். உறுமலுக்கு எங்கள் ஊரில் உடனடிப் பதில் அடி. இதைப்போல முட்டாள்தனமான வேலை வேறில்லை என்பது என் கருத்து. உறுமல் என்பது நாய் பல்லைப் பாவிக்க முதல் தருகிற கடைசி அறிவித்தல். அதை அடித்து நிறுத்தினால் பயம் போகாது, அறிவித்தல்தான் போகும். பிறகு "ஒரு சத்தமும் இல்லாமல் கடிச்சுப்போட்டுது" என்பார்கள்.

உறுமாத நாயைப் பற்றித்தான் எனக்கு இன்னும் கவலை. கோக்குவில் அக்காவிடம் ஸ்நோவி என்று ஒரு பொமேரேனியன் பெட்டை இருக்கிறாள். பட்டினத்தில் நாய்களுக்கு மயிர் வெட்டிச் சீர்செய்கிற ஓர் இடத்துக்கு அவளைக் கொண்டுபோகும்போது நானும் ஒருமுறை போயிருந்தேன். பெயர் வேண்டாம். மேசைக்குமேல் ஒரு கம்பி, அதிலிருந்து ஒரு சுருக்கு, அதற்குள் ஸ்நோவியின் கழுத்து. ஒரு பெடியன் பின்னங்காலைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் மெசினை ஓடவிட்டார். முதலில் துள்ளினாள். சுருக்கு இறுகியதும் நிறுத்தினாள். பிறகு அசையவே இல்லை. வாய் இறுக மூடி, கண் ஒரே இடத்தில். "நல்ல பிள்ளை, ஒரு கரைச்சலும் தரேல்லை" என்று சொல்லித்தான் திருப்பித் தந்தார்கள். வீட்டுக்கு வந்தவள் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்து இரவுச் சாப்பாட்டுக்கும் வரவில்லை. அதற்குப் பிறகு அத்தான் சவரம் செய்கிற மெசின் சத்தம் கேட்டாலே அவள் காணாமல் போய்விடுவாள்.

1967 இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் நாய்களை வைத்து நடத்திய பரிசோதனை உளவியல் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். என்ன செய்தாலும் தப்ப முடியாதபடி மின்னதிர்ச்சி கொடுக்கப்பட்ட நாய்கள், பிறகு ஒரு சிறு தடுப்பைத் தாண்டினாலே தப்பலாம் என்ற இடத்தில் விடப்பட்டபோதும், பெரும்பாலும் தப்ப முயலாமல் படுத்துக்கொண்டன. கொடூரமான பரிசோதனை, இன்று அப்படி ஒன்றைச் செய்ய அனுமதி கிடைப்பது கடினம். அந்த நாய்களைப் பார்த்து "அமைதியான நாய்கள்" என்று ஒருவரும் சொல்லமாட்டோம். மேசைமேல் கல்லாக நின்ற ஸ்நோவியை மட்டும் ஏன் அப்படிச் சொல்கிறோம்?

அங்கே அவளை ஒட்ட வெட்டிவிட்டது இன்னொரு பிழை. "வெக்கைக்கு நல்லது" என்று அக்காவுக்குச் சொல்லியிருக்கிறார்கள். நாய்க்கு மனிதரைப்போல உடம்பெல்லாம் வியர்த்துக் குளிர்வதில்லை. வியர்வை பாத மெத்தைகளில்தான், அதுவும் கொஞ்சம். வெக்கையைப் பெரும்பாலும் நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்துத்தான் வெளியேற்றுகிறது. பொமேரேனியனுக்கு இரண்டு அடுக்கு மயிர். உள்ளே பஞ்சுபோல ஒன்று, மேலே நீட்டு மயிர். மேல் அடுக்கு வெயில் தோலில் படாமல் தடுக்கிறது. உள்ளே கழன்று கிடக்கிற பஞ்சைச் சீவி எடுத்தால் காற்றுப் போய்வரும், அதுதான் தேவை. அதைவிட்டு இரண்டையும் சேர்த்து மழித்தால், இந்த இனத்தில் மயிர் பழையபடி வளராமலே போவதும் உண்டு. ஸ்நோவியின் முதுகில் ஒரு பக்கம் இன்னும் சடையும் இல்லாத மொட்டையும் இல்லாத ஒரு கோலத்தில்தான் இருக்கிறது.

மயிர் சிக்காகிக் கட்டியாகும்வரை விடுவதும் வதைதான். எங்கள் வேலியோரமெல்லாம் நாயுருவி. ஒரு சுற்றுப் போய்வந்தால் காதடியிலும் தொடையிலும் விதை ஒட்டிக்கொள்ளும். அதைச் சுற்றி மயிர் திரண்டு முடிச்சாகும். ஒவ்வோர் அடி வைக்கும்போதும் அந்த முடிச்சு தோலை இழுக்கும். பின்னல் இறுக்கிப்போட்ட பள்ளிக்கூட நாட்கள் நினைவிருக்கிறவர்களுக்கு அது விளங்கும். முடிச்சுக்கடியில் ஈரம் தங்கித் தோல் அழுகி, அதில் இலையான் முட்டையிட்டுப் புழு வைத்த நாய்களை ஊரில் கண்டிருப்பீர்கள். சீவுவதை அழகு வேலை என்று நினைக்கிறவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

நாய்க்குத் தொடுகையே பிடிக்காதா என்றால், அப்படியில்லை. எங்கே, யார், எப்படி என்பதில்தான் எல்லாம். ஜேர்மனியில் ஃபிரான்சிஸ்கா கூனேயும் குழுவினரும் 2012 இல் வெளியிட்ட ஆய்வில், மனிதர் நாய்களின் வெவ்வேறு இடங்களைத் தொடும்போது அவை என்ன செய்கின்றன என்று பார்த்தார்கள். தலையைத் தடவுவதும் பாதத்தைப் பிடிப்பதும் நாய்களை அந்தரப்படுத்துகிற தொடுகைகளில் சேர்ந்தன. நாங்கள் முதலில் கைவைப்பது எங்கே? உச்சந்தலையில். நகம் வெட்டப் பிடிப்பது எதை? பாதத்தை. நெஞ்சிலும் கழுத்தின் பக்கத்திலும் தொடங்கினால் பெரும்பாலான நாய்கள் மறுப்பதில்லை. ரைகருக்கு வாலடிக்குச் சற்றுமேலே சொறிந்தால் போதும், பின்காலொன்று தானாக ஆடத் தொடங்கிவிடும்.

நனைந்த நாய் உடம்பை உதறுவதைப் பற்றியும் ஒரு சங்கதி. அமெரிக்காவில் ஜோர்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் டேவிட் ஹூவும் குழுவினரும் 2012 இல் எலியிலிருந்து கரடிவரை நனைத்து உதறலைப் படம்பிடித்துக் கணக்குப் பார்த்தார்கள். சிறிய உடம்பு கெதியாக உதறும், பெரிய உடம்பு மெதுவாக. லாப்ரடோர் அளவு நாய் விநாடிக்கு நான்கு முறைக்குச் சற்றுக் கூடுதலாக ஆடி, சில விநாடிகளுக்குள் மயிரில் உள்ள தண்ணீரில் ஏறத்தாழ 70 வீதத்தை வெளியே எறிந்துவிடும். 2024 இல் ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியில் சுண்டெலிகளின் பிடரியில் எண்ணெய்த் துளி விட்டுப் பார்த்து, இந்த உதறலைத் தூண்டுவதில் தோலில் உள்ள ஒருவகை மெல்லிய நரம்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு என்று காட்டினார்கள். மனிதரில் அந்தவகை நரம்புகள் மெல்லத் தடவிக்கொடுக்கும்போது வருகிற சுகத்தோடு தொடர்புடையவை. நாயின் தோல் எவ்வளவு நுணுக்கமாக உணர்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? குளிப்பாட்டும்போது நாய் உதறப்போகிறது என்று கண்டால், அதன் கழுத்தை அமுக்கிப் பிடித்து "உதறாதை!" என்று கத்தாமல் இரண்டடி தள்ளி நில்லுங்கள். துவாயைவிட நன்றாக அதுவே தன்னைத் துடைத்துக்கொள்ளும்.

சரி, நாய்க்குக் கொஞ்சம் அந்தரமாக இருந்தால்தான் என்ன, வாரத்தில் ஒரு பத்து நிமிசம் பொறுக்கட்டுமே என்று சித்தப்பா கேட்டார். அவருக்குச் சொல்ல என்னிடம் அவருடைய கறுப்பன்தான் இருந்தது.

சித்தப்பா நல்ல மனிசன், நாய்க்குச் சாப்பாடு போடாமல் தான் சாப்பிடமாட்டார். ஆனால் கோண்டாவிலில் அவர் வீட்டுக் கறுப்பனை ஒருவரும் தொட முடியாது. குட்டியிலிருந்தே கட்டிவைத்துத் தூரநின்று பைப்பால் அடித்துத்தான் குளிப்பாட்டல். கைநீட்டினால் பல் தெரியும். "காவல் நாயெண்டால் உப்பிடித்தான் இருக்கோணும்" என்று அவருக்குப் பெருமையும்கூட. ஒரு சோளகக் காலத்தில் கறுப்பன் சாப்பாட்டை விட்டான். வெக்கை என்று நினைத்தார்கள். பிறகு சிறுநீர் கோப்பித் தண்ணி நிறத்தில் போனது. கால்நடை வைத்தியர் வந்தபோது அவனைப் பிடிக்க மூன்று பேர், கயிறு, சாக்கு. வாயைக் கட்டிப் பார்த்தால் முரசு வெள்ளை வெளேரென்று கிடந்தது. விரல் இடுக்குகளிலும் காது மடிப்புக்குள்ளும் திராட்சைக்குலையாக உண்ணி. ஊசி போட்டார், ஆனால் பிந்திவிட்டது.

எங்கள் பக்கத்து நாய்களில் மொய்க்கிற மண்ணிற உண்ணி, இரத்தத்தைக் குடிப்பதோடு நிற்பதில்லை. பபேசியா என்ற ஒட்டுண்ணியையும் எர்லிக்கியா என்ற பக்டீரியாவையும் நாயின் இரத்தத்துக்குள் விட்டுவிடும். பபேசியா சிவப்பணுக்களை உடைப்பதால்தான் முரசு வெளுக்கிறது, சிறுநீர் கறுக்கிறது. நேரத்தோடு பிடித்தால் மருந்து உண்டு. நேரத்தோடு பிடிப்பதற்கு யாரோ ஒருவருடைய விரல் தினமும் அந்த நாயின் காதுக்குள்ளும் கால் இடுக்குக்குள்ளும் போய்வர வேண்டும். தன்னைத் தொடவிடாத நாய்க்கு அதை யார் செய்வது? கறுப்பன் பல்லைக் காட்டக் காரணம் பிறவிக்குணம் என்று சித்தப்பா சொல்லுவார். என்னைக் கேட்டால், கை என்பது பிடிக்கவும் அமுக்கவும் மட்டும் வருகிற ஒன்று என்று கிணற்றடியில் அவனுக்குப் படிப்பித்துவிட்டார்கள்.

உண்ணிக்கு எங்களூர்க் கைவைத்தியங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மண்ணெண்ணெய், வாகனத்துக் கழிவெண்ணெய் இரண்டையும் நாயின் உடம்பில் பூசாதீர்கள். தோலால் உள்ளே போகும், நக்கினால் வயிற்றுக்குள் போகும், இரண்டும் நஞ்சு. உண்ணியை நெருப்பால் சுடுவதும் வேண்டாம். சாவணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து நேரே இழுத்தெடுத்து, சவுக்காரத் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ போட வேண்டும், கையால் நசுக்கக் கூடாது. கால்நடை வைத்தியரிடம் கேட்டால் மாதாந்தம் கொடுக்கிற குளிசை, பிடரியில் விடுகிற மருந்து என்று நாயின் நிறைக்கு ஏற்றதைச் சொல்லுவார். வீட்டில் பூனையும் இருந்தால் அதையும் சொல்லிக் கேளுங்கள், நாய்க்கு விடுகிற சில மருந்துகள் பூனையைக் கொன்றுவிடும். இன்னொன்று, பெண் உண்ணி குடித்து முடித்ததும் நாயிலிருந்து கீழே விழுந்து, சுவர் வெடிப்புக்குள் போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயை மட்டும் தேய்த்துக்கொண்டிருந்து பயனில்லை, கூட்டின் வெடிப்புகளையும் பூசி அடைக்க வேண்டும்.

தொடவிடாத நாயைத் தொடவிடச் செய்வதற்கு வழி இருக்கிறது. பெரிய மிருகக்காட்சிசாலைகளில் சிங்கத்திடமும் கழுதைப்புலியிடமும் மயக்க மருந்தில்லாமல் இரத்தம் எடுக்கிறார்கள். விலங்கு தானாக வந்து கம்பியோரம் உடம்பைக் கொடுக்கும்படி பழக்குகிறார்கள்; வேண்டாமென்றால் அது எழும்பிப் போகலாம். பிரித்தானியாவில் இருக்கிற சிராக் பட்டேல் என்ற பயிற்சியாளர் இதே எண்ணத்தை வீட்டு நாய்க்கு ஒரு வாளி விளையாட்டாக ஆக்கினார். தீனி போட்ட சிறிய வாளியை நாய்க்கு முன்னால் வைக்க வேண்டும். நாய் வாளியைப் பார்த்துக்கொண்டு நிற்கும்வரை நாங்கள் தொடலாம், சீவலாம், இடையிடையே வாளியிலிருந்து தீனி. நாய் பார்வையை விலக்கினால் அந்த நொடியே கையை எடுத்துவிட வேண்டும். மறுபடி வாளியைப் பார்த்தால் மறுபடி தொடங்கலாம். இவ்வளவுதான்.

ரைகரோடு இதைத் தொடங்கியபோது பெரியம்மா சிரித்தார். "பிள்ளை, நாயிட்டை அனுமதி கேட்டோ தோய வாக்கிறாய்?"

"கொஞ்சம் பொறுத்துப் பாருங்கோ பெரியம்மா."

கிணற்று வாளியைக் கண்டாலே ஓடுகிறவன் என்பதால் மஞ்சள் நிறப் பிளாஸ்ரிக் பேணி ஒன்றை எடுத்தேன். அவித்த கோழி ஈரலைச் சுண்டுவிரல் நகமளவு வெட்டிப் போட்டேன். தொடக்கத்தில் தொடவே இல்லை, பேணியைப் பார்த்தால் ஈரல், அவ்வளவே. பிறகு நெஞ்சு, தோள், முதுகு. சீப்பைக் காட்டி ஈரல், சீப்பால் தொட்டு ஈரல். அவன் முகத்தைத் திருப்பினால் நான் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பேன். முதல் தடவைகளில் அவன் திருப்பித் திருப்பிச் சோதித்துப் பார்த்தான், உண்மையிலேயே நிறுத்துகிறாளா என்று. நிறுத்துகிறாள் என்று கண்டதும் திருப்புவது குறைந்தது. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் அதுதான். "வேண்டாம்" என்ற சொல்லுக்கு மரியாதை கிடைக்கிற இடத்தில் அதை அடிக்கடி சொல்லத் தேவை வருவதில்லை.

குளிப்பதை அவன் இப்போதும் விரும்புவதாக நான் சொல்லமாட்டேன். சாக்கின்மேல் வந்து நிற்கிறான், மூக்கை நக்குகிறான், இடையில் இறங்கிப் போகிறான், திரும்பி வருகிறான். முடிந்ததும் வாழைப்பாத்திக்குத்தான் ஓடுகிறான். அதைத் தடுப்பதில்லை, நிலம் காய்ந்த நாளாகப் பார்த்துக் குளிக்கவார்க்கிறோம். காதுக்குள் விரல் விட்டு உண்ணி பார்க்க விடுகிறான், முன்னங்கால் விரல் இடுக்குகளையும் விரிக்க விடுகிறான்.

அக்காவும் ஸ்நோவிக்குப் பேணியும் சீப்பும் வாங்கிவிட்டா. மெசின் வீட்டுக்குள் வருவதில்லை, சிக்கெடுக்கக் கத்தரிக்கோல்கூட இல்லை, விரலாலும் அகலப்பல்லுச் சீப்பாலும் நுனியிலிருந்து மேல்நோக்கி. சித்தப்பா புதுக்குட்டி ஒன்று எடுத்திருக்கிறார். குட்டிதான் பழக்குவதற்கு நல்ல காலம், விறாந்தையில் மடியில் வைத்துக் காதையும் காலையும் பிடித்துப் பழக்குங்கள் என்று சொல்லியிருக்கிறேன். "காவலுக்கு உதவாமல் போயிடுமே" என்று கேட்டார். தெரியாதவனைக் கண்டு குலைப்பதும் வீட்டாளுக்குக் காலைக் கொடுப்பதும் ஒரே நாய்க்குள் இருக்கலாம் என்று சொன்னேன். அவர் முழுக்க நம்பவில்லை, ஆனால் குட்டி இப்போதைக்கு மடியில்தான்.

நகம்தான் மிச்சம். ரைகருக்குக் கறுப்பு நகம். வெள்ளை நகமென்றால் உள்ளே போகிற இரத்தக்குழாய் இளஞ்சிவப்பாகத் தெரியும், அதற்கு இப்பால் வெட்டலாம். கறுப்பில் தெரியாது. நரம்பும் அதோடுதான் ஓடுகிறது, ஒருமுறை வெட்டுப்பட்டால் நாய் வருசக்கணக்காக மறக்காது. முன்னங்கால் நகங்களைத் துளித்துளியாக அராவிவிடுகிறேன். தார் ரோட்டில் திரிவதால் பெரும்பாலும் தானாகவே தேய்ந்துவிடுகிறது, நிலத்தில் படாத பக்கவிரல் நகம் மட்டும் வளைந்து தசைக்குள் போகப்பார்க்கும். பின்னங்காலைத் தொட்டால் இன்னும் பேணியிலிருந்து கண்ணை எடுத்துவிடுகிறான். ஐப்பசி மழைக்கு முதல் அதையும் பழக்கிவிட்டால் நல்லது, ஏனென்றால் மாரி முழுக்க அந்த இடுக்குகளைத் துடைத்து உலர்த்த வேண்டியிருக்கும். இந்த வாரம் ஈரலுக்குப் பதிலாக நெத்தலி அவித்துப் பார்க்கப்போகிறேன்.